வெள்ளை 5 ரூபாய்: தண்ணீரில் தொங்கவிட்டுக் கண்டுபிடித்தது

போன தீபாவளிக்குக் கும்பகோணம் போயிருந்தபோது அத்தை பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். கோயில் உண்டியலில் போடுவதற்கென்று சேர்த்து வைக்கும் காசுகள். ஒன்றை மட்டும் தனியே எடுத்து நீட்டி, "இது என்னப்பா, அஞ்சு ரூபா வெள்ளையா இருக்கு? செல்லுமா?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ரூபாய்க் குறியும் பூ வேலைப்பாடும் உள்ள புது வரிசைக் காசு. ஆண்டு 2013, அதன் கீழே நட்சத்திரம், அதாவது ஹைதராபாத் நாணயச்சாலை. அந்த வரிசையில் 5 ரூபாய் எல்லாமே மஞ்சள் நிறம்தான். நிக்கல் கலந்த பித்தளை. இது மட்டும் புது எவர்சில்வர் டம்ளர் போல வெளேரென்று இருந்தது.

5 ரூபாய் வெள்ளையாக இருப்பது எல்லா ஆண்டுக்கும் அதிசயமில்லை. 2007, 2008 காசுகள் ஸ்டீலில் வந்தவை, வெள்ளையாகத்தான் இருக்கும். அதற்கு முன் வந்த கனமான 9 கிராம் காசும் செம்பு நிக்கல் கலவை, அதுவும் வெள்ளை. ஆனால் 2013 என்று அச்சான வெள்ளைக் காசு என்றால் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, நாணயச்சாலையில் வேறு உலோக வில்லை, அதாவது அச்சு விழும் முன் இருக்கும் வெறும் வட்டத் தகடு, தவறுதலாக உள்ளே போய் அதன்மேல் 5 ரூபாய் அச்சு விழுந்திருக்க வேண்டும். அது உண்மையான எரர் காயின், சேகரிப்பவர்கள் தேடுவது. அல்லது வெளியே வந்த பிறகு யாரோ முலாம் பூசியிருக்க வேண்டும். அப்படியென்றால் அதன் மதிப்பு 5 ரூபாய்தான்.

அத்தைக்கு வேறு 5 ரூபாய் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். "புளி போட்டுத் தேய்ச்சுப் பாரேன், பூச்சுன்னா போயிடும்" என்றார். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டே தேய்த்துப் பழகிய கை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையான எரர் என்றால் தேய்த்த மறு நிமிடமே பாதி மதிப்பு போய்விடும். அரத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார் ஒரு நண்பர். அதையும் செய்யவில்லை. காசை உருக்குவதும் சிதைப்பதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பொருள் இன்னதென்று தெரியும் முன்பே அதில் கீறல் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. அதனால் காசுக்கு எந்தச் சேதமும் வராமல் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் கையில் இருந்த சாமான்கள்: 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு (350 ரூபாய்க்கு வாங்கியது), விட்டம் அளக்கும் டிஜிட்டல் வெர்னியர் (450), ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம்.

தராசு 6.05 கிராம் காட்டியது. 5 ரூபாயின் சட்டப்படியான எடை 6 கிராம். விட்டம் 23.02 மில்லிமீட்டர், அதுவும் சரி. காந்தம் ஒட்டவில்லை.

இங்கேதான் முதல் தப்பு. நிறத்தை வைத்து ஸ்டீல் வில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். காந்தம் ஒட்டாதது இடித்தது. அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன்: எவர்சில்வர் பாத்திரமும்தான் காந்தத்தில் ஒட்டுவதில்லை, ஸ்டீலில் ஒட்டாத வகை உண்டு. அது உண்மைதான். ஆனால் நம் காசுகளுக்குப் போடும் ஸ்டீல் அந்த வகை இல்லை. நிக்கல் இல்லாமல் இரும்பும் சுமார் 17 சதவீதம் குரோமியமும் கொண்ட ஃபெரிட்டிக் ஸ்டீல், நன்றாகவே ஒட்டும். சட்டைப் பையில் இருந்த 1 ரூபாய், 2 ரூபாய்க் காசுகளை அதே காந்தத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரண்டு நாள் கழித்துத்தான் அது தோன்றியது.

அந்த இரண்டு நாளில் இன்னொரு தப்பும் செய்தேன். அடர்த்தி பார்த்தால் உலோகம் தெரிந்துவிடுமே என்று, தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, காசைப் பூக்கட்டும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். முறை எளிது. டம்ளரை வைத்துத் தராசைச் சுழியாக்க வேண்டும். பிறகு காசைக் கையிலோ ஸ்டாண்டிலோ தொங்கவிட்டு, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். தராசில் ஏறும் கிராம், காசின் கன சென்டிமீட்டர் அளவு. வெளியே எடுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

எனக்கு வந்தது 0.77. 6.05ஐ 0.77ஆல் வகுத்தால் 7.86. ஸ்டீலின் அடர்த்தி 7.7 பக்கம், பித்தளை 8.5 பக்கம். ஸ்டீல் என்றே விடை வந்தது போல இருந்தது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அதே நூலில் சாதாரண மஞ்சள் 5 ரூபாயைத் தொங்கவிட்டேன். அதற்கும் 0.76 வந்தது. மஞ்சள் காசு ஸ்டீலாக இருக்க முடியாது. அப்போதுதான் அளவே தப்பு என்று புரிந்தது. உற்றுப் பார்த்தால் பூ வேலைப்பாட்டின் பள்ளங்களில் கடுகு போலக் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தன. நூல் தண்ணீரை உறிஞ்சி ஊறி, எண் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. தெரிந்த காசை முதலில் அளக்காமல் தெரியாத காசை அளந்ததுதான் அடிப்படைத் தவறு.

ஸ்டீல் கதை அதோடு முடிந்தது. அதற்குள் இன்னொரு ஆசை முளைத்துவிட்டது. 1992 முதல் 2004 வரை வந்த, 11 மூலை கொண்ட 2 ரூபாய்க் காசு நினைவிருக்கும். செம்பு நிக்கல் கலவை, வெள்ளை நிறம், காந்தத்தில் ஒட்டாது, எடை சரியாக 6 கிராம். என் காசும் வெள்ளை, ஒட்டாது, 6 கிராம். அந்த வில்லையில் 5 ரூபாய் அச்சு விழுந்திருந்தால்? எடை, நிறம், காந்தம் மூன்றும் பொருந்துகின்றன.

பொருந்தாத இரண்டு விஷயங்களை நான் வேண்டுமென்றே தள்ளிவைத்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அந்த 2 ரூபாய் வில்லை 26 மில்லிமீட்டர் அகலம். 5 ரூபாய் அச்சைச் சுற்றியுள்ள 23 மில்லிமீட்டர் வளையத்துக்குள் அது இறங்கவே இறங்காது. இரண்டாவது, 2005இலேயே 2 ரூபாய் ஸ்டீலுக்கு மாறிவிட்டது. 8 வருடம் கழித்து 2013இல் அந்த வில்லை எங்கிருந்து வரும்? இருந்தும், ஏதோ ஒரு செம்பு நிக்கல் தகடு எப்படியோ வந்திருக்கலாம் என்ற எண்ணம் போகவில்லை. சரி, அதையும் அளந்தே தீர்ப்போம் என்று இறங்கினேன்.

செம்பு நிக்கலின் அடர்த்தி 8.9, நிக்கல் பித்தளை 8.5 சொச்சம். 6 கிராம் காசில் இந்த வித்தியாசம் தண்ணீரில் வெறும் 0.03 கிராம்தான். 0.01 காட்டும் தராசில் அது மூன்று எண். குமிழி ஒன்று ஒட்டினாலே போய்விடும். அதனால் 0.001 கிராம் காட்டும், 50 கிராம் வரை தாங்கும் தராசு ஒன்றை 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். 50 கிராம்தான் எல்லை என்பதால் டம்ளர் வைக்க முடியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 30 மில்லி பிளாஸ்டிக் அளவுக் கோப்பை கச்சிதமாக இருந்தது. கோப்பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 35 கிராமைத் தாண்டவில்லை. காசும் நிமிர்ந்தபடி முழுதும் மூழ்கியது.

இந்த முறை மாற்றியவை:

நூலுக்குப் பதில் மெல்லிய தூண்டில் நரம்பு, 30 ரூபாய். தண்ணீரை உறிஞ்சாது. காசு இல்லாமல் நரம்புச் சுருக்கை மட்டும் அதே ஆழத்துக்கு இறக்கித் தராசைச் சுழியாக்கிய பிறகே காசை மாட்டினேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன், கரைந்த காற்று போக. அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. இது செய்த உதவிக்கு ஈடே இல்லை, குமிழி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மிச்சம் ஒன்றிரண்டைக் குழந்தை ஓவியத் தூரிகையால் தட்டிவிட்டேன்.

மின்விசிறியை நிறுத்தினேன். ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு மூச்சுக்காற்றுக்கே ஆடுகிறது. பழைய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடி, மேலே துளையிட்டு, நரம்பை அதன் வழியே இறக்கினேன்.

ஒவ்வொரு காசையும் ஐந்து தடவை எடுத்து, துடைத்து, மறுபடி தொங்கவிட்டு, சராசரி எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதிலேயே போனது.

முதலில் தெரிந்த காசுகள். சில்லறையில் வந்த 10 மஞ்சள் 5 ரூபாய்களின் எடை 5.94 முதல் 6.04 வரை, சராசரி 5.99, தண்ணீரில் சராசரி 0.702, அடர்த்தி 8.53. ஸ்டீல் 1 ரூபாய் 3.78 கிராம், தண்ணீரில் 0.490, அடர்த்தி 7.71. தேய்ந்துபோன பழைய 11 மூலை 2 ரூபாய் 5.96 கிராம், தண்ணீரில் 0.668, அடர்த்தி 8.92. மூன்று உலோகமும் மூன்று தனி இடத்தில் நின்றன. அந்த எண்களைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

பிறகு வெள்ளைக் காசு: 6.058 கிராம், தண்ணீரில் 0.708, அடர்த்தி 8.56.

பித்தளை. உள்ளே இருப்பது மற்ற எல்லா 5 ரூபாயிலும் இருக்கும் அதே உலோகம். வெள்ளை என்பது மேல்தோல் மட்டும்.

எடை ஏன் என்னை ஏமாற்றியது என்று அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 ரூபாயின் இரண்டு முகமும் விளிம்பும் சேர்த்துப் பரப்பு சுமார் 9.5 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் நிக்கல் ஏற்றினால் கூடுவது 0.085 கிராம்தான். ஒரே நாணயச்சாலைக் காசுகளே ஒன்றுக்கொன்று 0.1 கிராம் வரை மாறும்போது, முலாமின் எடை அதற்குள் ஒளிந்துகொள்கிறது. வெர்னியரும் அப்படித்தான். 10 மைக்ரான் பூச்சு விட்டத்தில் 0.02 மில்லிமீட்டர்தான் கூட்டும், என் 450 ரூபாய் வெர்னியரின் தடுமாற்றமே அவ்வளவு. "எடை சரியாக இருக்கிறது, அதனால் உண்மையான எரர்" என்று யாராவது காசு விற்க வந்தால், எடை சரியாக இருப்பது முலாம் பூசிய காசுக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் என்ன உலோகம் என்று தெரிய வேண்டுமே. இங்கே மறுபடி காந்தம், ஆனால் வலுவானது. 60 ரூபாய்க்குச் சிறிய நியோடிமியம் காந்தம் வாங்கி, அதையும் தூண்டில் நரம்பில் ஒரு முழ நீளத்துக்குத் தொங்கவிட்டேன். காசை மெல்ல அருகே கொண்டுபோனேன். காந்தம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் காசை நோக்கி வந்து நின்றது. மிக லேசான இழுப்பு, ஆனால் நிச்சயமான இழுப்பு. ஸ்டீல் காசு என்றால் பாய்ந்து ஒட்டும். செம்பு நிக்கலும் நிக்கல் பித்தளையும் துளிகூட இழுக்காது. இப்படி மெல்லிசாக இழுப்பது மேலே ஏற்றிய நிக்கல் படலம். நிக்கலுக்குக் காந்த குணம் உண்டு.

முதல் தடவை செய்தபோது சாதாரண மஞ்சள் காசுக்கும் காந்தம் ஆடியது. கையை வேகமாக நீட்டினால் காற்றே ஆட்டும்; உலோகம் காந்தத்துக்கு அருகே வேகமாக நகர்ந்தாலும் சின்னத் தள்ளல் வரும். காசை அட்டையில் ஒட்டி, மேஜைமேல் மெதுவாக நகர்த்தி, நிறுத்தி, காந்தம் அடங்கும்வரை காத்திருந்து பார்த்தபோதுதான் வித்தியாசம் தெளிவானது. மஞ்சள் காசுக்கு நேராகத் தொங்கியது, வெள்ளைக்குச் சாய்ந்தே நின்றது.

அடுத்த முறை கும்பகோணம் போனபோது நிக்கல் பாலிஷ் போடும் ஒரு பட்டறைக்குக் காசை எடுத்துக்கொண்டு போனேன். கூடவே இரண்டு பித்தளை வாஷர்கள், எடை பார்த்து எழுதி வைத்தவை. பட்டறைப் பெரியவர் காசை வாங்கி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, பத்து விநாடிகூடப் பார்க்கவில்லை.

"நிக்கல் தம்பி. இங்க பாருங்க, கம்பி பிடிச்ச இடம்."

விளிம்பில் ஒரு கடுகளவு இடத்தை நகத்தால் காட்டினார். அங்கே மஞ்சள் லேசாகத் தெரிந்தது. தொட்டியில் தொங்கவிடக் காசைக் கம்பியால் பிடிக்க வேண்டும். கம்பி தொட்ட இடத்தில் முலாம் ஏறாது. நான் அந்தக் காசை ஒரு மாதம் கையில் வைத்திருந்தும், விளிம்பைச் சுற்றி ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்திருக்கவில்லை. எதற்கு இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். "வேலை பழகற பசங்க கையில இருக்கறதப் போட்டுப் பாப்பாங்க. சாவிக்கொத்துக்குன்னு கேக்கறவங்களும் உண்டு" என்றார். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை. பழகிப் பார்த்த காசு சில்லறையில் கலந்து அத்தையின் டப்பாவுக்கு வந்திருக்கலாம்.

வாஷர்களுக்கு முலாம் போட 60 ரூபாய். வீட்டுக்கு வந்து நிறுத்தேன். ஒன்று 4.218லிருந்து 4.277 கிராம் ஆகியிருந்தது. அதன் பரப்புக்குக் கணக்கிட்டால் பூச்சு 8 மைக்ரான் சொச்சம். தொங்கும் காந்தத்துக்கு அருகே வைத்தேன். வெள்ளைக் காசுக்குச் சாய்ந்த அதே அளவு சாய்ந்தது. முலாம் போடாத பித்தளை வாஷருக்கு அசையவில்லை.

அதன் பிறகுதான் 20 மடங்கு பெரிதாக்கும் லூப் (250 ரூபாய்) வாங்கினேன். வரிசையில் கடைசியாக வந்தது இது, முதலில் வந்திருக்க வேண்டியது. லூப்பில் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் கிடைத்தது. காசில் நிறையக் கீறல்கள் இருந்தன, புழக்கத்தில் பட்ட அடிகள். எல்லாக் கீறலின் உள்ளேயும் அதே வெள்ளைப் பளபளப்பு. வில்லையே வெள்ளையாக இருந்தாலும் கீறலுக்குள் வெள்ளைதான் தெரியும், ஆனால் கீறலின் உதடு கூர்மையாக இருக்கும், உள்ளே உரசிய கோடுகள் தெரியும். இங்கே கீறல்களின் ஓரம் வெண்ணெய் தடவியது போல மழுங்கி, பள்ளம் பாதி நிரம்பியிருந்தது. அதாவது காசு முதலில் ஊர் சுற்றி அடிபட்டிருக்கிறது, அதன் பிறகு முலாம் ஏறியிருக்கிறது. நாணயச்சாலையில் நடந்த தவறுக்கு இந்த வரிசை சாத்தியமே இல்லை. எழுத்துகளின் அடி மூலைகளும் அப்படியே உருண்டிருந்தன. புதிய மஞ்சள் காசில் எழுத்து தரையிலிருந்து செங்குத்தாக எழும்புகிறது.

இதே கேள்வி அமெரிக்கச் சேகரிப்பாளர்களை எத்தனையோ வருடமாக வாட்டுகிறது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் அவர்கள் 1 சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய ஸ்டீலில் அடித்தார்கள். தவறுதலாகச் செம்புக் கலவை வில்லையில் விழுந்த சில காசுகள் பெரும் விலை போகின்றன. அதனால் ஸ்டீல் சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசியவை ஏராளம். அங்கே காந்தமே போதும். ஸ்டீல் 2.70 கிராம், ஒட்டும், செம்பு 3.11 கிராம், ஒட்டாது. ஆனால் 1982க்குப் பிறகு அவர்களின் சென்ட் துத்தநாகத்தின்மேல் செம்பு பூசியது. பூச்சே ஏறாமல் வெளிவந்த சென்ட் நிஜமான நாணயச்சாலைத் தவறு. அங்கே பூச்சு போட்டார்களா என்பதல்ல, பூச்சை யாராவது கரைத்து எடுத்தார்களா என்பதுதான் கேள்வி. அதனால் எந்தக் காசாக இருந்தாலும், அந்த நாட்டில் அந்த ஆண்டில் அது எப்படித் தயாரானது என்பதைத்தான் முதலில் தேடிப் படிக்கிறேன். நம் 5 ரூபாய் தயாரிப்பில் முலாம் பூசும் கட்டமே இல்லை. அதில் முலாம் இருந்தால் அது வெளியே போட்டது.

மொத்தச் செலவு, ஏற்கெனவே இருந்த தராசையும் வெர்னியரையும் சேர்க்காமல், 1,500 ரூபாய். 5 ரூபாய்க் காசுக்கு 1,500 ரூபாய் என்று வீட்டில் கேட்டார்கள். அந்தத் தராசும் கோப்பையும் நரம்பும் இனி ஒவ்வொரு காசுக்கும் வேலை செய்யும்.

இப்போது வேலை செய்யும் வரிசை மாறிவிட்டது. முதலில் லூப்போடு விளிம்பு முழுதும், கம்பித் தடம் தேடி. பிறகு கீறல்களின் உள்பக்கம். பிறகு தொங்கும் காந்தம், அதுவும் பக்கத்தில் தெரிந்த காசு ஒன்றை வைத்துக்கொண்டு. இந்த மூன்றிலும் தேறினால்தான் தண்ணீர். போன வாரம் நண்பர் ஒருவர் தங்க நிறத்தில் 2 ரூபாய் கொண்டுவந்தார். 300 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தார். காந்தம் பாய்ந்து ஒட்டியது. உள்ளே வழக்கமான ஸ்டீல், மேலே பொன்னிறப் பூச்சு. தராசை எடுக்கவே தேவைப்படவில்லை.

தராசில் இன்னும் திருத்த வேண்டியது ஒன்று இருக்கிறது. தண்ணீரின் சூட்டை நான் குறித்து வைக்கவில்லை. 30 டிகிரித் தண்ணீரின் அடர்த்தி 0.996, அதைச் சேர்த்தால் என் எண்கள் எல்லாம் 0.03 அளவு குறையும். ஒரே நாளில் ஒரே தண்ணீரில் ஒப்பிட்டதால் இங்கே பாதகமில்லை. வேறு வேறு நாளில் அளந்தால் குழப்பும். ஒரு தெர்மாமீட்டர் வாங்க வேண்டும்.

வெள்ளைக் காசை அட்டை ஹோல்டரில் போட்டு, "5 ரூபாய், 2013, ஹைதராபாத், நிக்கல் முலாம், 6.058 கிராம், அடர்த்தி 8.56" என்று எழுதி வைத்திருக்கிறேன். அத்தைக்கு ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன். "நான்தான் அன்னிக்கே பூச்சுன்னு சொன்னேனே" என்றார். பிறகு, அந்த டப்பாவில் இன்னும் பாதி எண்ணாமல் இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது அந்தக் காந்தத்தையும் கொண்டு வா என்றார்.